சம்பளம் கூடினால் மருத்துவ அட்டை போய்விடுமா?

திருத்தணியிலிருந்து நகரிக்குப் போகும் பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டால் மாநில எல்லை தாண்டியது தெரியவே தெரியாது. கடைப் பலகையில் எழுத்து தெலுங்காக மாறியிருக்கும், கடைக்குள் பேச்சு தமிழாகவே இருக்கும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. பெண் கொடுப்பது, எடுப்பது, தறி வேலை, கம்பெனி வேலை எல்லாம் இன்றைக்கும் கோட்டின் இரண்டு பக்கமும்தான். ரேஷன் கார்டும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் மட்டும் அந்தக் கோட்டை விடாமல் மதிக்கின்றன.

இங்கே மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தால், வீட்டில் சந்தோஷத்தோடு சேர்ந்தே ஒரு பயமும் வரும்: “சம்பளம் வந்துட்டா கார்டு போயிடுமா?” நியாயமான பயம்தான். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. எந்த அட்டை, கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு, கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. அடிப்படை புரிந்துவிட்டால் மீதியை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டில் அரசு தரும் மருத்துவப் பாதுகாப்பு பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகக் கிடைக்கிறது. ஒன்று, நீங்கள் ஏழை என்பதற்காக. மாநில அரசுகளின் காப்பீட்டு அட்டைகள் இந்த வகை. இன்னொன்று, நீங்கள் தொழிலாளி என்பதற்காக. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. இந்த வகை. முதல் வகைக்குக் குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டாவது வகைக்குச் சட்டம் சொல்லும் மாதிரியான வேலை இருக்க வேண்டும், சம்பளமும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளி பல நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். முதல் வகைக்கு அவர் வருமானம் அதிகம். இரண்டாவது வகைக்கு அவர் பார்ப்பது சின்னக் கடை வேலை.

மற்றவர்களுக்கும் இதே சிக்கல் உண்டுதானே, மாற்றுத்திறனாளிக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். போலியோவில் ஒரு கால் சூம்பிய தையல்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலில் காலிப்பர் போட்டிருக்கிறார். அதில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு வளையம் இருக்கும். நிற்கும்போது அதைக் கீழே தட்டிப் பூட்ட வேண்டும், உட்காரும்போது மேலே தூக்கிவிட்டுக் காலை மடக்க வேண்டும். வீட்டோடு இருந்தவரை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்த வேலை இது. கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததும் பஸ் ஏற, மெஷினில் உட்கார, டீ குடிக்க எழுந்திருக்க, பாத்ரூம் போக என்று நாள் முழுக்க நடக்கிறது. வளையம் தேய்ந்து நழுவும். தொடையைச் சுற்றிய தோல் பட்டை வியர்வையில் ஊறி விறைக்கும். ஊன்றுகோல் பிடிக்கும் பக்கத்துத் தோள்பட்டையில் வலி வரும். வேலைக்குப் போவதால் வருமானம் கூடுவது உண்மை. அதே வேலையால் மருத்துவச் செலவும் கூடுகிறது. மற்றவர்களுக்கு உடம்புக்கு வந்தால்தான் செலவு. இவருக்கு உடம்பு நன்றாக இருக்கும் மாதத்திலும் செலவு உண்டு.

வருமான வரம்புக்கு இதெல்லாம் தெரியாது. கையில் எவ்வளவு வருகிறது என்று மட்டும் பார்க்கிறது, கையை விட்டு எவ்வளவு போகிறது என்று பார்ப்பதில்லை. இந்தத் திட்டங்களில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

ஒரே சம்பளம், இரண்டு மாநிலம்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயருக்கு வந்து, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குவதுதான் முதல் படி.

ஆயுஷ்மான் பாரத்துக்குத் தனிக் கணக்கு. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமப்புறத்தில் அதற்கான அளவுகோல்களில் ஒன்று: வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும், கூடவே உடல்திறனுள்ள பெரியவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. இதை எழுதியவர்கள் மனதில் மாற்றுத்திறனாளி என்றால் இன்னொருவர் சோறு போட்டால் சாப்பிடுகிறவர். அவரே சம்பாதித்துத் தம்பியைப் படிக்க வைக்கும் வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ உண்டு. அந்தத் தம்பிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்பதாலேயே இந்த அளவுகோலில் வீடு அடிபட்டுப்போகும்.

ஆந்திரப் பக்கம் 2007-இல் ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்தபோது ஆரோக்கியஸ்ரீ வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் அட்டையில் பெயர் மாறும்; இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவா. ஊரில் எல்லோருக்கும் அது ஆரோக்கியஸ்ரீதான். ஜெகன் ஆட்சியில் அதன் குடும்ப வருமான வரம்பை ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்த்தினார்கள். சிகிச்சைக்கான உச்சவரம்பையும் 2023 டிசம்பரில் 25 லட்சம் ஆக்கினார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 1,20,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. 5 லட்சத்தை வகுத்தால் மாதம் 41,666. ஒரே கம்பெனியில், ஒரே வரிசையில், 13,000 சம்பளத்துக்கு இரண்டு பேர் தைக்கிறார்கள். ஒருவருக்கு வீடு பொதட்டூர்பேட்டையில், இன்னொருவருக்கு ஏகாம்பரகுப்பத்தில். இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஊனம், வீட்டில் வேறு வருமானம் இல்லை. பொதட்டூர்பேட்டைக்காரர் சேர்ந்த மாதமே மாநில அட்டையின் வரம்பைத் தாண்டிவிடுகிறார். ஏகாம்பரகுப்பத்துக்காரர் சம்பளம் மூன்று மடங்கு ஆனாலும் அந்தப் பக்கத்து வரம்புக்குள்ளேயே இருக்கிறார். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள் ஆந்திரத்தைவிட நன்றாக நடக்கின்றன, திருவள்ளூரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே வந்துவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மாதம் 10,000 என்பது ஒரு குடும்பம் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தன் காசில் போகக்கூடிய வருமானம் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

அதோடு, இரண்டு மாநில அட்டைகளும் முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. ஆபரேஷன், டயாலிசிஸ், கேன்சர் போன்ற பெரிய செலவுக்குத்தான் அவை கைகொடுக்கும். மாற்றுத்திறனாளியின் செலவோ மாதா மாதம், மருந்துக் கடை பில்லாக வருவது. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குச் சிறுநீர்க் குழாய் வேண்டும், பை வேண்டும். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் உட்காரும் இடத்தில் புண் வராமல் மெத்தை வேண்டும், வந்துவிட்டால் மருந்து வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து இயங்குகிறது. அதை முன்னின்று உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். முதுகுத்தண்டு போனவருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் வைத்தியமே தொடங்குகிறது. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை உண்டு, வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அவர்கள் வீடு தேடி வரும் பகல் நேரத்தில், வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்க மாட்டார்.

இ.எஸ்.ஐ. எப்படி வேலை செய்கிறது

இனி இரண்டாவது வகை. வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம். பொதுவாகப் பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம் சந்தாவாகப் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். 14,000 சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து 105 ரூபாய், கம்பெனியிலிருந்து 455 ரூபாய். தினக்கூலி சராசரி 176 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளி பங்கே கிடையாது, முதலாளி பங்கு மட்டும்.

சாதாரணமாக மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. மாற்றுத்திறனாளிக்கு 25,000 வரை. இதை எழுதும்போது நடப்பில் உள்ள வரம்பு இது. அதாவது 24,000 வாங்கும் இரண்டு பேரில் மற்றவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, மாற்றுத்திறனாளிக்கு உண்டு. ஆனால் இது தானாக நடக்காது. ஊனச் சான்றிதழையோ, மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யையோ கம்பெனியில் கொடுத்து, இ.எஸ்.ஐ. பதிவில் மாற்றுத்திறனாளி என்று ஏற்றச் சொல்ல வேண்டும். ஆந்திரப் பக்கம் அந்தச் சான்றிதழை ‘சதரம்’ என்பார்கள். சதரம் கேம்ப் எப்போது என்று கிராம சச்சிவாலயம் என்ற ஊர் அரசு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும்.

பல ஹெச்.ஆர். ஆட்களுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. 25,000 வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்காகத் தனியார் கம்பெனி கட்ட வேண்டிய 3.25 சதவீதத்தைப் பத்து ஆண்டுகள் வரை மத்திய அரசே ஏற்றுக்கொள்கிறது. 2008-இல் மூன்று ஆண்டுகளுக்கு என்று தொடங்கி, பிறகு பத்தாக நீட்டினார்கள். இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்லலாம். “என்னைச் சேர்த்தா உங்களுக்கு இ.எஸ்.ஐ. செலவு இல்ல சார்” என்பதைக் கேட்டு முகம் மலராத முதலாளி குறைவு.

மருத்துவத்துக்கு வருவோம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. ஏற்கெனவே இருந்த குறைபாடு என்று தள்ள முடியாது. மாநில அட்டையில் இல்லாத புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் இங்கே உண்டு. செயற்கைக் கால், ஊன்றுகோல், காது கேட்கும் கருவி போன்றவையும் திட்டத்தில் அடங்கும். வரிசையில் நிற்க வேண்டும், இன்று போய் நாளை வா என்பார்கள், சில மருந்து இருப்பில் இருக்காது. குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் காலிப்பர் பட்டை அறுந்ததற்கும் தோள்வலிக்கும் கையோடு போய் நிற்க ஓர் இடம் என்றால் இன்றைக்கு இதுதான்.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் வரும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால், நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனையே கிடையாது. குணமாகும்வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் 2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வேலையில் நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஹைவேயைக் குறுக்கே கடந்து போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். எலும்பு முறிந்தால் இந்தப் பகுதியில் யோசிக்காமல் போகும் இடம் புத்தூர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை வைத்துப் போடும் புத்தூர் கட்டுக்குச் சென்னையிலிருந்தே ஆட்கள் வருவார்கள். அது சரியா தப்பா என்று வாதாட இங்கே இடமில்லை. ஆனால் கம்பெனியில் விழுந்து கை முறிந்தவர் நேரே புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டால், 90 சதவீதப் பணம் வராது. அதற்கு இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று வேண்டும், கம்பெனி கொடுக்கும் விபத்து அறிக்கை வேண்டும். முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துச் சீட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்துக் கை கோணலாகக் கூடியிருந்தால், அதற்கான நிரந்தர ஊன உதவிக்கும் அந்த முதல் நாள் சீட்டுத்தான் ஆதாரம்.

எல்லைக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் இன்னொரு நன்மை, அது மத்திய அரசின் திட்டம். ஆந்திரப் பக்கத்துத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியில் வேலை செய்துகொண்டு ஊத்துக்கோட்டையில் குடியிருப்பவர் தமிழ்நாட்டுப் பக்கத்து மருந்தகத்தைத் தனக்கும் குடும்பத்துக்கும் எழுதி வாங்கலாம். கோடு குறுக்கே வருவதில்லை. ஆனால் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று போட்டுப் பிடித்திருப்பார்கள். உண்மையில் கட்டினார்களா என்பது வேறு விஷயம். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கேளுங்கள். ஐ.பி. நம்பர் என்றால் எல்லோருக்கும் புரியும். அந்த எண்ணை வைத்து எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று ஆன்லைனில் பார்த்துவிடலாம். எண்ணே தராமல் இழுத்தடித்தால் பணம் கான்ட்ராக்டர் பையில் நின்றிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட நேரத்தில் அவரை வைத்திருக்கும் பெரிய கம்பெனியும் சட்டப்படி பொறுப்பு.

அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. இருக்கும் வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு. சாதாரணமாகப் பையன் வளர்ந்ததும் அப்பாவின் அட்டையிலிருந்து விலகிவிடுவான். ஊனமுற்று முழுக்கப் பெற்றோரை நம்பி இருக்கும் பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால் ‘முழுக்க நம்பி இருப்பவர்’ என்ற தகுதி போய்விடும். அவன் சேரும் வேலையில் இ.எஸ்.ஐ. இருந்தால் பாதகமில்லை. செல்போன் கடையில் 7,000-க்குச் சேர்ந்தால் இருந்ததும் போச்சு. இதனால்தான் சில பெற்றோர் “வேலையெல்லாம் வேணாம், வீட்டோட இரு” என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது போலத் தெரியும். உள்ளே ஓடுவது மருந்துச் செலவுக் கணக்கு.

சின்னக் கடைகளுக்கு வழியே இல்லையா என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் பத்து பேருக்குக் குறைவான இடங்களும் முதலாளி, தொழிலாளி இருவரும் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று இருக்கிறது. கேட்டுப் பார்க்கலாம். எத்தனை கடைக்காரர் ஒப்புக்கொள்வார் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

காசு கட்டித் தொடர்வது

வருமானம் கூடியதும் பாதுகாப்பு ஒரேயடியாக அறுந்துபோகாமல், கொஞ்சம் சந்தா கட்டி அதிலேயே தொடர முடிந்தால்? அமெரிக்காவில் இதைச் செய்கிறார்கள். அங்கே மெடிக்எய்ட் என்பது 1965-லிருந்து ஏழைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் இருக்கும் அரசு மருத்துவத் திட்டம். வேலைக்குப் போனால் அது போய்விடும் என்று பயந்து அங்கேயும் பலர் வேலையைத் தவிர்த்தார்கள். 1997-இல் வந்த சட்டம், குடும்ப வருமானம் வறுமைக்கோட்டைப் போல இரண்டரை மடங்குவரை உள்ள உழைக்கும் ஊனமுற்றோர் சந்தா கட்டி மெடிக்எய்டில் சேரலாம் என்று மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. 1999-இல் வந்த இன்னொரு சட்டம் வருமான வரம்பையும் சந்தாவையும் மாநிலங்களே முடிவு செய்துகொள்ள விட்டது. இப்போது 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. படிக்கட்டு மட்டும் இருந்த வாசலில் சாய்தளம் போட்டது போல. அந்த ஊர் மருத்துவச் செலவைப் பார்த்து நமக்குப் பொறாமைப்பட எதுவும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடமும் அதற்கு ஒரு சின்ன முன்மாதிரி இருக்கிறது. வேலையில் ஏற்பட்ட காயத்தால் நிரந்தர ஊனமாகி வேலையை விட்ட இ.எஸ்.ஐ. தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் ஓய்வு வயதுவரை மருத்துவம் தொடரும். வேலைக்கு வெளியே ஊனமானவருக்கு வேறு ஏற்பாடு: நிரந்தர ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 24 மாதம் வரை வேலையின்மை உதவித்தொகையும் மருத்துவமும் உண்டு. அந்த 120 ரூபாயை யாரும் இன்னும் கவனித்து உயர்த்தவில்லை. நானும் சத்தம் போட்டுச் சொல்லப்போவதில்லை. ஆனால் இது வேலையை விட்டவர்களுக்கு. வேலையில் தொடர்ந்து சம்பளம் கூடியவருக்கு இந்த மாதிரி வழி இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்தால் கொஞ்சம் கோபம் வரும். இ.எஸ்.ஐ.யிலோ வேறு அரசுக் காப்பீட்டிலோ அடங்காத மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சமூகப் பாதுகாப்பு உதவித் தொகை மற்றவர்களுக்குத் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தக் கணக்கை இ.எஸ்.ஐ. வரம்பில் போட்டால் 21,000-க்கு 26,250 வரும், நடப்பில் 25,000. உதவித் தொகை வேறு, சம்பள வரம்பு வேறு என்று வக்கீல் மறுக்கலாம். மறுக்கட்டும். குறைந்தபட்சம் அந்தப் பேச்சாவது நடக்க வேண்டும்.

வருமானத்தையும் வேலையையும் பார்க்காத திட்டம் ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்து பயனுள்ளதாக இருக்கிறது: நிரமயா. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் மட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி, புறநோயாளி சிகிச்சையும் அதில் உண்டு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. போலியோவுக்கும் பார்வைக் குறைபாட்டுக்கும் இது பொருந்தாது. தனியார் கம்பெனிகள் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பாலிசி ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பாலிசிகள் வந்தன. பிரீமியத்தையும் காத்திருப்புக் காலத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, 25,000-ஐத் தாண்டப்போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இ.எஸ்.ஐ.யில் சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை சந்தாவும் தொடரும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே உங்கள் உயர்வு ஏப்ரல் 1-ஆம் தேதியே அமலுக்கு வந்தால், மார்ச்சோடு சந்தா நின்று டிசம்பர் 31-உடன் மருத்துவமும் நின்றுவிடும். அதே உயர்வு மே 1 முதல் என்றால் செப்டம்பர் வரை சந்தா பிடிப்பார்கள், மருத்துவம் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை ஓடும். உயர்வுக் கடிதம் கைக்கு வரும்போது தொகையைப் பார்த்த கையோடு தேதியையும் பாருங்கள். ஏப்ரல் 1 என்று இருந்தால், ஒரு மாத உயர்வை விட்டுக்கொடுத்து மே 1 ஆக்க முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.